கரண்ட் போனால் பாத்ரூமுக்கு எந்த விளக்கு?

கரண்ட் கட்டுக்கு ஹாலிலும் படுக்கையறையிலும் ஏதாவது ஏற்பாடு இருக்கும். பாத்ரூம் என்று வந்தால் பெரும்பாலான வீடுகளில் மொபைல் டார்ச்தான். ஈரத்தரை, வாசலில் ஒரு படி இறக்கம், கண்ணில் சோப்பு, கையில் மக் என்று வழுக்கி விழுவதற்கான எல்லாம் சேர்ந்திருக்கும் அறைக்கு இப்படி ஒரு கவனிப்பு.

இது ராத்திரிப் பிரச்சினை மட்டுமல்ல. அடுக்குமாடி வீடுகளில் அட்டாச்டு பாத்ரூமுக்கு ஜன்னல் இருப்பதில்லை. டக்ட் பக்கம் திறக்கும் சின்ன வெண்டிலேட்டர்தான். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுக்கும் மின்தடையிலும், வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கதவைச் சாத்தினால் கும்மிருட்டு.

கடையில் போய்க் கேட்டால் எமர்ஜென்சி பல்பில் தொடங்கி சென்சார் லைட், லாந்தர், டார்ச் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். எலக்ட்ரீஷியனைக் கேட்டால் இன்வெர்ட்டர் லைனை இழுத்துவிடலாம் என்பார். எல்லாமே எரியும். பாத்ரூமில், தேவைப்படும் அந்த நிமிடத்தில் எரியுமா என்பதில்தான் வித்தியாசம்.

## எதை வைத்து முடிவு செய்வது

எப்படி சார்ஜ் ஆகிறது. பலரும் வெளிச்சத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பாத்ரூமைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வீட்டிலேயே மிகக் குறைந்த நேரம் விளக்கு எரியும் அறை பாத்ரூம். நாலு பேர் உள்ள வீட்டிலும் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம். ஹாலில் நன்றாக வேலை செய்யும் ஒரு பொருள் பாத்ரூமில் பல்லிளிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தானாக எரிகிறதா. குளித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சுவிட்சையோ டார்ச்சையோ தேடிப் போகக்கூடாது. ஆபத்து அந்த முதல் பத்து விநாடியில்தான். வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு கையும் காலியாக இருக்கிறதா. கையில் பிடித்தாக வேண்டிய எந்த விளக்கும் உள்ளே போய்வர உதவும். குளிக்கவோ கால் கழுவவோ உதவாது.

தண்ணீர். அட்டையில் ஐபி என்று ஒரு எண் இருக்கும். ஐபி20 என்றால் தண்ணீருக்கு எதிராக எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஐபி44 எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐபி65 குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். ஷவருக்குக் கீழே, வாளிக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் குறைந்தது ஐபி44 வேண்டும். கதவுக்கு மேலே, உலர்ந்த மூலையில் என்றால் ஐபி20 போதும். ஆனால் நீராவிக்குத் தப்பாது.

வெளிச்சம். இதில் நிறையக் காசை வீணாக்குகிறோம். 5 அடிக்கு 7 அடி பாத்ரூம் என்பது ஏறக்குறைய 3.25 சதுர மீட்டர். அதில் 100 லூமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) விளக்கு எரிந்தால் தரையில் சராசரியாக 30 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சம்) அளவில் கிடைக்கும். வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தால் இன்னும் தாராளம். படி தெரியும், சோப்பு தெரியும், கரப்பான் இருந்தால் அதுவும் தெரியும். 150 லூமனுக்கு மேல் பாத்ரூமுக்குத் தேவையே இல்லை.

எவ்வளவு நேர மின்தடை. டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் போய் அரை மணி நேரம் நிற்பது ஒரு வகை. ஐந்து முதல் எட்டு மணி நேரப் பராமரிப்பு இரண்டாவது. புயல் மூன்றாவது: 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, 2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்தபின் டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. முதல் வகைக்கு அருமையான விளக்கு மூன்றாவது வகையில் முதல் ராத்திரியே கண்ணை மூடிவிடும்.

## எமர்ஜென்சி பல்ப்

கடையில் இன்வெர்ட்டர் பல்ப் என்றும் சொல்வார்கள். சாதாரண 9 வாட் எல்இடி பல்ப் போல ஹோல்டரில் மாட்டுவது. உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி. விலை சுமார் 300 முதல் 600 ரூபாய்.

அட்டையில் '9 வாட், 4 மணி நேர பேக்கப்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றாக நடக்காது. உள்ளே இருப்பது பொதுவாக 2200 எம்ஏஎச் பேட்டரி. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 8 வாட்-மணி. நாலு மணி நேரம் எரிய வேண்டுமென்றால் 2 வாட்டில்தான் எரிய முடியும். கரண்ட் போனதும் வெளிச்சம் சட்டென்று இறங்குவது கோளாறு இல்லை, கணக்கே அதுதான். 2 வாட் எல்இடி ஏறக்குறைய 200 லூமன் தரும். பாத்ரூமுக்கு அது தாராளம்.

கரண்ட் போயிருக்கிறதா, யாரோ சுவிட்சை அணைத்தார்களா என்று பல்புக்கு எப்படித் தெரியும்? தன் இரண்டு முனைகளுக்கு நடுவே வெளியே ஒரு மின்பாதை இருக்கிறதா என்று அது பார்க்கிறது. சுவிட்ச் போட்ட நிலையில் தெருவே இருட்டானால், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரும் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரும் உங்கள் வீட்டு ஃபேன், பக்கத்து வீட்டுச் சாதனங்கள், டிரான்ஸ்ஃபார்மர் சுருள் வழியாக இணைந்தே இருக்கும். பாதை இருக்கிறது, மின்சாரம் இல்லை, ஆகவே எரிகிறது. சுவிட்சை அணைத்தால் பாதை அறுந்துவிடும், அணைகிறது. ஈரக்கையால் அடியைப் பிடித்தால் பல்ப் எரிவதும் இதனால்தான். கடைக்காரர் செய்துகாட்டும் வித்தை அது.

பாத்ரூமுக்கு இது பெரிய வசதி. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சுவிட்சைப் போடலாம். பாட்டிக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

சிக்கல் சார்ஜில். பல்ப் சார்ஜ் ஆவது சுவிட்ச் போட்டிருக்கும்போது மட்டும்தான். காலியான பேட்டரி முழுதாக ஏற 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பாத்ரூமில் தினம் ஒரு மணி நேரம் எரிகிற பல்புக்கு, ஒருமுறை காலியானால் மறுபடி நிறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் இன்னொரு கரண்ட் கட் வந்தால், அரைகுறையாக ஏறியது சீக்கிரமே தீரும். "பாத்ரூம்ல மாட்டுனது மட்டும் டூப்ளிகேட் போல" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேரின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

தீர்வு இரண்டு. அமாவாசை, பௌர்ணமி என்று நாள் வைத்துக்கொண்டு மாதத்தில் இரண்டு ராத்திரி பாத்ரூம் விளக்கை விடிய விடிய எரிய விடுங்கள். 9 வாட் பல்ப் பத்து மணி நேரம் எரிந்தால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கரண்ட் பில்லில் தெரியாது. நீண்ட கரண்ட் கட் முடிந்த ராத்திரியும் அப்படியே. இல்லையென்றால் பல்பை பாத்ரூம் வாசலுக்கு வெளியே, தினமும் மாலை முழுக்க எரியும் பேசேஜ் ஹோல்டரில் மாட்டுங்கள். கதவுக்கு மேல் கண்ணாடி வெண்டிலேட்டர் உள்ள பழைய வீடுகளில் அந்த வெளிச்சமே உள்ளே இறங்கும்.

மறைந்திருக்கும் மற்ற தொல்லைகள்:

- ஹோல்டர் வகை. நம் வீடுகளில் பெரும்பாலும் பின் வகை, அதாவது பி22. புது அடுக்ககங்களில் சீலிங்கில் பதித்த பேனல் லைட்டோ கண்ணாடிக்கு மேலே டியூப் வடிவ விளக்கோ இருக்கும். இந்த பல்பை மாட்ட இடமே இருக்காது.
- அளவு. பேட்டரி இருப்பதால் சாதாரண பல்பைவிட உயரமும் பருமனும் அதிகம். வட்டக் கண்ணாடி மூடி போட்ட பாத்ரூம் விளக்குக்குள் நுழையாது. கஷ்டப்பட்டு நுழைத்தாலும், காற்றில்லாமல் சூடேறி பேட்டரி சீக்கிரம் சாகும்.
- ஆயுள். ஒன்றரை இரண்டு ஆண்டில் நாலு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கும். பல மாடல்களில் பேட்டரியை மாற்ற முடியாது. பிறகு அது வெறும் பல்பாகத் தொடரும்.
- மெயின் அணைந்தால். வீட்டுக்குள் தண்ணீர் ஏறி மெயின் சுவிட்சை அணைத்தாலோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் அறுந்தாலோ, தெரு வழியாகப் போகும் பாதை போய்விடும். வீட்டுக்குள் ஒரு ஃபேன் சுவிட்சாவது போட்டிருந்தால் பல்ப் எரிய வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் எரியாது.
- அணைக்க மறப்பது. கரண்ட் இல்லாத நேரத்தில் வெளியே வந்தவர் சுவிட்சை அணைக்காவிட்டால் பேட்டரியில் உள்ளதெல்லாம் ஆளில்லாத பாத்ரூமுக்கே செலவாகும்.

பி22 ஹோல்டர் உள்ள வீடு, அடிக்கடி வந்து போகும் இரண்டு மணி நேர மின்தடை, வயதானவர்கள் என்றால் இதுவே சரி. மாதம் இரண்டு ராத்திரி எரியவிட உங்களால் முடியாது என்றால் வாங்காதீர்கள்.

## மோஷன் சென்சார் லைட்

இருட்டில் ஆள் நடமாட்டத்தைக் கண்டு எரியும் சின்னப் பட்டை விளக்கு. யூஎஸ்பியில் சார்ஜ் செய்வது ஒரு வகை, டிரிபிள் ஏ பேட்டரி போடுவது இன்னொரு வகை. சுமார் 300 முதல் 800 ரூபாய். மின்கம்பியோடு எந்தத் தொடர்பும் இல்லை. மெயின் இருந்தாலும் போனாலும் இதற்கு ஒன்றுதான். ஜன்னலில்லாத பாத்ரூமுக்கு எங்கள் முதல் தேர்வு இது. ஒயரிங் தொட வேண்டாம், வாடகை வீட்டில் ஓனரிடம் கேட்க வேண்டாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம்.

குளிக்கும்போது கரண்ட் போனால்? இருட்டானதும் உங்கள் அடுத்த அசைவிலேயே எரியும். ஜெனரேட்டர் உள்ள அடுக்ககங்களுக்கும் இது பொருத்தம். ஜெனரேட்டர் கிளம்பி லைன் மாறும்வரை வரும் கால் நிமிட, அரை நிமிட இருட்டை இது அடைத்துவிடும்.

ஒட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்சார் உணர்வது உடம்பின் வெப்ப அசைவை. ஆள் நேராக எதிரே வருவதைவிட, குறுக்கே கடப்பதை அது சுலபமாகப் பிடிக்கும். எனவே கதவுக்கு எதிர்ச் சுவரைவிடப் பக்கவாட்டுச் சுவர் நல்லது. ஐந்து ஆறு அடி உயரம் போதும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளை இந்தச் சென்சாரால் பார்க்க முடியாது, ஏனென்றால் உடல் வெப்பக் கதிர் கண்ணாடியைக் கடப்பதில்லை. ஷவர் பகுதிக்குத் தடுப்பு போட்டிருந்தால், தடுப்பின் மேல் விளிம்புக்கு மேலே இருந்து உள்ளே பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள், அல்லது இரண்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மே மாத மதியம் பாத்ரூம் சுவரே 35 டிகிரியில் இருக்கும். தோலின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் குறையும்போது சென்சார் தடுமாறும். கதவைத் திறந்து ஓரடி வைத்தபின்தான் எரியும், சில சமயம் கையை ஆட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது, அசையாமல் உட்கார்ந்தால் அணைவது. பெரும்பாலான மாடல்கள் கடைசி அசைவுக்குப் பின் 20 அல்லது 30 விநாடியில் அணையும். கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு இரண்டு முறை கையை வீசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 'ஆட்டோ' மட்டும் இல்லாமல் 'ஆன்' என்ற நிலையும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே போகிறவர் அதை 'ஆன்'-இல் தள்ளிக்கொள்ளலாம்.

பசை விடுவது அடுத்த புகார். ஈர டைல்ஸில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. முந்தின நாளே கதவைத் திறந்துபோட்டு உலரவிட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து இடத்தைத் துடைத்து, காய்ந்தபின் பட்டையை ஒட்டி ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஒரு நாள் கழித்து விளக்கை மாட்டுங்கள். காந்தப் பட்டை உள்ள மாடலாக வாங்கினால் பட்டை சுவரிலேயே இருக்கும், விளக்கை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் வெளியே சார்ஜ் போடலாம். பாத்ரூமுக்குள் சார்ஜரை இழுத்துக்கொண்டு போகிற வேலையே வேண்டாம்.

கரண்ட் இருக்கும் நாளிலும் நீங்கள் சுவிட்ச் போடுவதற்கு முன்பே இது முந்திக்கொண்டு எரியும். அதனால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஈ.பி. ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கொரு முறை வருகிறார்களே, அந்த நாளில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை என்று சார்ஜ் போட்டால் சரியாக இருக்கும். டிரிபிள் ஏ வகை வாங்கினால் மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய செல்களைப் போடுங்கள். சாதாரண செல் ஈரக்காற்றில் கசிந்து, தகடு பச்சை பூத்து, விளக்கையே கெடுக்கும்.

## இன்வெர்ட்டர் லைனை பாத்ரூமுக்கு இழுப்பது

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால் மற்றதைப் பற்றி யோசிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கும். இழப்பெல்லாம் போக ஆயிரத்துச் சொச்சம் கிடைத்தாலும், பாத்ரூமின் 9 வாட் விளக்கு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் போன கண் சிமிட்டும் நேரத்தில் விளக்கு வந்துவிடும். சோப்புக் கண்ணோடு யாரும் தடுமாற வேண்டாம்.

பல வீடுகளில் பாத்ரூமை இன்வெர்ட்டரில் சேர்க்காமல் விடுவது கீசர் பயத்தால். பயம் நியாயமானது. 2000 வாட் கீசரோ, சாதாரண பிளக்கில் செருகும் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடோ இன்வெர்ட்டர் லைனில் வந்தால் ஓவர்லோடு ஆகி அப்படியே அணையும். வீடு முழுக்க இருட்டு. அதனால் எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒன்று: விளக்கு சுவிட்சும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சும் மட்டும் இன்வெர்ட்டர் ஃபேஸில் வர வேண்டும். சுவிட்ச் போர்டுக்குள் ஃபேஸை ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு லூப் போட்டிருப்பார்கள்; பிளக்குக்குப் போகும் லூப்பைப் பிரித்து பழைய லைனிலேயே விட வேண்டும்.

இரண்டு: நியூட்ரல். விளக்கின் ஃபேஸை இன்வெர்ட்டரிலிருந்தும் நியூட்ரலைப் பழைய லைனிலிருந்தும் எடுத்தால், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டில் அது அடிக்கடி விழும். 'விளக்கு போட்டா டிரிப் ஆகுது' என்றால் முதல் சந்தேகம் இதில் வைக்கலாம். டிரிப் ஆகிறதென்று ஆர்.சி.சி.பி.யையே தாண்டி இணைத்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. பாத்ரூமில் அது உயிர் விஷயம், சம்மதிக்காதீர்கள்.

மூன்று: விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும். பைப்பில் இடம் இருந்தால் அரை நாள் வேலை. பைப் அடைத்திருந்தால் சுவருக்கு மேலே கேசிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போட வேண்டிவரும். கூலி, ஒயர் சேர்த்து பொதுவாக 500-இலிருந்து 1500 ரூபாய்க்குள் முடியும்.

புதிதாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்குவது வேறு கணக்கு, இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். பாத்ரூம் விளக்குக்காக யாரும் அதைச் செய்யத் தேவையில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும், சில ஆண்டுகளில் பேட்டரி மாற்றுவதும் கூடவே வரும் செலவு.

புயல் நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகியிருப்பதற்கே பத்து இருபது வாட் தின்னும். 20 வாட் என்று வைத்தால் ஒரு நாளில் 480 வாட்-மணி. பேட்டரியிலிருந்து கிடைப்பதில் பாதிக்குக் கிட்டே எந்த விளக்கும் எரியாமலே போய்விடும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ராத்திரியில் இன்வெர்ட்டரை முன்பக்க பட்டனில் அணைத்துவிட்டு, பாத்ரூமுக்குத் தனியாக ஒரு சின்ன விளக்கை நம்புவது புத்திசாலித்தனம்.

## லாந்தர், டார்ச், பவர்பேங்க்

மூன்றும் தானாக எரிகிற வகை இல்லை. (பிளக்கிலேயே செருகி வைத்தால் கரண்ட் போனதும் எரியும் லாந்தர்கள் உண்டு. பாத்ரூமுக்குள் அப்படிச் செருகி வைக்கக்கூடாது. வாசலுக்கு வெளியே பிளக் இருந்தால் சரி.) ஆனால் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது கடைசிவரை நிற்பவை இவைதான்.

லாந்தர் வாங்கும்போது உள்ளே லெட் ஆசிட் பேட்டரியா, லித்தியமா என்று கேளுங்கள். லெட் ஆசிட் விலை குறைவு. ஆனால் காலியான நிலையில் ஆறு மாதம் பரணில் கிடந்தால் மறுபடி சார்ஜ் ஏறாது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கொரு முறை சார்ஜ் போட வேண்டும். கைப்பிடி உள்ளதாக வாங்கி, பாத்ரூமில் துணி மாட்டும் கொக்கிகளில் தண்ணீர் தெறிக்காத ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள். தரையில் வைத்தால் உங்கள் நிழலே படியை மறைக்கும்.

டார்ச்சை ஆள் பக்கம் திருப்பி வைக்காமல் ஒரு சில்வர் டம்ளரில் மேல்நோக்கி நிறுத்துங்கள். வெள்ளை சீலிங்கில் பட்டு வெளிச்சம் அறை முழுக்கப் பரவும், கண்ணும் கூசாது.

பவர்பேங்கில் செருகும் யூஎஸ்பி எல்இடி குச்சி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதிகம் பேர் கவனிக்காத நல்ல வழி. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் 37 வாட்-மணி; இழப்பு போக சுமார் 25 கிடைக்கும். 1 வாட் குச்சி ஒரு முழு நாள் எரியும். அரை வாட் குச்சி வாங்கினால் இன்னும் நாளாகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம் போனால் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பல பவர்பேங்குகள் அரை நிமிடத்தில் தாமாக அணையும். 1 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். பவர்பேங்கைக் கதவுக்கு வெளியே வைத்து, யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரால் குச்சியை மட்டும் வெண்டிலேட்டர் வழியாக உள்ளே தொங்கவிடலாம். 5 வோல்ட் என்பதால் ஷாக் பயம் இல்லை.

மொபைல் டார்ச் அவசரத்துக்குச் சரி. ஆனால் புயல் நாளில் போன் சார்ஜ் அதைவிட முக்கியமான வேலைக்கு வேண்டும். சட்டைப் பையிலிருந்து நழுவி அது எங்கே விழும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## மெழுகுவத்தி

ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமன். மேலே சொன்ன பாத்ரூமில் 4 லக்ஸ்கூட வராது. பிளாஸ்டிக் மக், நைலான் திரை, ஸ்பிரே டப்பா எல்லாம் ஒரு கை தூரத்தில். வேறு எதுவுமே இல்லாத ராத்திரி, வாஷ்பேசினுக்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் நிறுத்தி, பெரியவர்கள் மட்டும் பயன்படுத்தலாம். அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து ஒன்று. கேஸ் கீசர் பெரும்பாலும் இரண்டு பெரிய செல்லில் பற்றிக்கொள்ளும், அதற்குக் கரண்ட் வேண்டாம். எனவே கரண்ட் இல்லாத நாளிலும் சுடுதண்ணீர் வரும். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது. கீசர் பாத்ரூமுக்குள்ளேயே இருந்து, கதவும் வெண்டிலேட்டரும் சாத்தியிருந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எந்த விளக்கு வைத்திருந்தாலும், கரண்ட் இல்லாதபோது அப்படி உள்ள கேஸ் கீசரைப் போடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | எமர்ஜென்சி பல்ப் | சென்சார் லைட் | இன்வெர்ட்டர் லைன் | லாந்தர் / பவர்பேங்க் |
|---|---|---|---|---|
| தானாக எரியுமா | சுவிட்ச் போட்டிருந்தால் | அசைந்ததும் | உடனே | பெரும்பாலும் இல்லை |
| சார்ஜ் | விளக்கு எரியும்போது மட்டும் | கழற்றி வெளியே | தானாக | வெளியே |
| எத்தனை நேரம் | புதிதில் 3–4 மணி | ஆட்டோவில் பல நாள் | ஒரு ராத்திரி தாராளம் | ஒரு ராத்திரி முதல் ஒரு நாள் |
| மெயின் அணைந்தால் | சந்தேகம் | எரியும் | எரியும் | எரியும் |
| வாடகை வீட்டுக்கு | ஏற்றது | ஏற்றது | ஓனரைக் கேட்க வேண்டும் | ஏற்றது |
| அடிக்கடி வரும் புகார் | பாத்ரூமில் சார்ஜ் ஏறாது | உட்கார்ந்தால் அணையும் | நியூட்ரல் குழப்பம், டிரிப் | தேட வேண்டும் |

## எந்த வீட்டுக்கு எது

இன்வெர்ட்டர் உள்ள சொந்த வீடு: லைனை இழுத்துவிட்டு, துணைக்கு ஒரு சென்சார் லைட். இன்வெர்ட்டர் லைனில் போய் எமர்ஜென்சி பல்பை மாட்டினால், இன்வெர்ட்டர் படுத்தபின்தான் அது தன் வேலையைத் தொடங்கும். அது தப்பில்லை, ஆனால் அவசியமும் இல்லை.

வாடகை அடுக்ககம், ஜன்னலில்லாத பாத்ரூம்: 'ஆன்' நிலை உள்ள சென்சார் லைட் ஒன்று. இரண்டு பாத்ரூம் இருந்தால் இரண்டு.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு: பேசேஜில் எமர்ஜென்சி பல்ப், பாத்ரூமுக்குள் சென்சார் லைட். ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று படியைக் காட்டும். அவர்கள் கைக்கு டார்ச் கொடுத்து முடித்துவிடாதீர்கள். ஒரு கை சுவரைப் பிடிக்க வேண்டும்.

கடலோர மாவட்டம்: மேலே சொன்னவற்றில் எது இருந்தாலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலேயே ஒரு பவர்பேங்கும் யூஎஸ்பி குச்சியும் எடுத்து வைத்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்தபின் கடையில் மெழுகுவத்திகூடக் கிடைக்காது.

## மாட்டியபின் சோதிப்பது

ராத்திரி எட்டு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, ஹாலில் ஒரு ஃபேன் சுவிட்சைப் போட்ட நிலையிலேயே விட்டுவிட்டு மெயினை அணையுங்கள். பாத்ரூம் விளக்கின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் அந்த லைனுக்கான சுவிட்ச்) மட்டும் அணைத்து எமர்ஜென்சி பல்பைச் சோதித்தால், பாதை அறுந்து நல்ல பல்பே எரியாமல் இருக்கலாம். அதை வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அது எடுத்துக்கொள்கிறதா, எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடுகிறதா என்று பாருங்கள். கீசர், வாட்டர் ஹீட்டர் ராடு போடும் பிளக்கில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள்: அதில் கரண்ட் வரக்கூடாது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, படி தெரிகிறதா, உட்கார்ந்த இடத்தில் நிழல் விழுகிறதா, சென்சார் எத்தனை விநாடியில் அணைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களையும் ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள்.

எமர்ஜென்சி பல்பை மாட்டும் முன் அதன் அடிப்பகுதியில் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பேக்கப் சுருங்கும்போது, "போன வருஷம்தானே வாங்கினோம்?" என்ற வாக்குவாதம் மிச்சம்.